ஏ63 சாலையிலிருந்து ஒரு மடல்

ஐக்கிய இராச்சியத்தின் அரச விருதுகளுக்குப் பெயர்களைப் பரிசீலிக்கும் விளையாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த மடலின் ஆங்கிலப் படி உங்களுக்குத் தனியே அஞ்சலில் வருகிறது. இங்கே தமிழில் எழுதுவதற்குக் காரணம், என்னைப் போலவே அந்தச் சாலையில் தினமும் போய்வந்தும் அது யார் பெயர் என்று அறியாத என் மக்களும் இதைப் படிக்கட்டும் என்பதுதான்.

ஹல் நகரத்துக்கு நான் வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கிடங்கில் வேலை. காலை ஆறரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, ஹம்பர் பாலத்தை முதுகுக்குப் பின்னே விட்டு ஏ63 சாலையில் கிழக்கே திரும்பினால், வலக்கைப் பக்கம் ஹம்பர் கழிமுகம் சேற்று நிறத்தில் கூடவே வரும். காருக்குள் இருக்கும் வழிகாட்டிக் குரல் தினமும் சாலையின் பெயரைச் சொல்லும்: கிளைவ் சல்லிவன் வே. முதல் ஆறு வருடம் அவர் யாரோ ஒரு மேயர், இல்லையென்றால் பாலம் கட்டிய பொறியாளர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தேநீர் இடைவேளையில் இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். என்னோடு வேலை பார்த்த இரண்டு பெரியவர்களில் ஒருவர் நகரத்தின் மேற்குப் புறத்தவர். ஹல் எஃப்சி என்ற ரக்பி அணியின் கட்சி, கறுப்பு வெள்ளை. மற்றவர் ஹல் ஆற்றுக்குக் கிழக்கே. ஊரின் இன்னொரு ரக்பி அணியான ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ் கட்சி, சிவப்பு வெள்ளை. இந்த ஊரில் இது விளையாட்டுப் பிரிவினை இல்லை, ஏறக்குறைய சம்பந்தம் பேசும்போது விசாரிக்கிற விஷயம். பன்றி இறைச்சித் துண்டு சிவப்பும் வெள்ளையுமாக இருப்பதால் அதைத் தொடாத எஃப்சிக் குடும்பங்கள் உண்டு என்பார்கள். நான் நம்பவில்லை, ஆனால் சொல்கிறவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. அந்த இருவரும் வானிலையைப் பற்றிக்கூட ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. நான் "மேயரா?" என்று கேட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் குவளையைக் கீழே வைத்தார்கள். அரை மணி நேர இடைவேளை அன்று ஒரு மணி நேரமானது.

சல்லிவன் 1943இல் வேல்ஸ் தலைநகர் கார்டிஃபின் ஸ்ப்லாட் பகுதியில், ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். பதினான்கு வயதுக்குள்ளாகவே கால்களிலும் பாதங்களிலும் தோள்களிலும் அறுவை சிகிச்சைகள். இனி ஒழுங்காக நடப்பதே சிரமம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். பையன் தேறி எழுந்து இராணுவத்தில் சேர்ந்துவிட்டான். வடக்கே காட்டரிக் முகாமில் ஒரு ரக்பி ஆட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. வேல்ஸ்காரன் என்றால் ரக்பி வராமல் இருக்குமா என்று இவரை இழுத்து நிறுத்தினார்கள். கால் விஷயத்தைச் சொன்னால் வேலை போய்விடும். ஆகவே சும்மா பெயருக்கு நின்றுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் மைதானத்தில் இறங்கினாராம். பந்து கைக்கு வந்தபோது கால் பேச்சைக் கேட்கவில்லை. ஓடிப்போய் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்துவிட்டுத்தான் நின்றார். ரக்பியில் புள்ளி தரும் அதற்கு ட்ரை என்று பெயர். கதை இப்படித்தான் ஹல்லில் வழங்குகிறது.

இங்கே தமிழ் வாசகர்களுக்காகச் சற்று நிற்கிறேன். குழு உறுப்பினர்கள் ஒரு பத்தியைத் தாண்டிப் போகலாம். ரக்பி என்பது ஓர் ஆட்டமல்ல, இரண்டு. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்தின் கிளப்புகள் கூடித் தனிக் கட்சி கண்டன. சண்டை பணத்தைப் பற்றியது. ஆலையிலும் சுரங்கத்திலும் சனிக்கிழமைக் கூலியை விட்டுவிட்டு ஆட வந்தவனுக்கு அந்தக் கூலியையாவது கொடுக்க வேண்டும் என்றது வடக்கு. கனவான்கள் பணத்துக்காக ஆடுவதில்லை என்றது லண்டன். பிரிந்துபோன வடக்கின் ஆட்டம் ரக்பி லீக் ஆயிற்று: பக்கத்துக்குப் பதின்மூன்று பேர், வேகமான ஆட்டம், வெளிப்படையான சம்பளம். மற்றது பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன். யூனியன் ஆள் ஒருவன் லீக் கிளப்பில் ஒப்பந்தம் செய்தால், ஏன், ஒரு சோதனை ஆட்டம் ஆடியது தெரியவந்தாலே, ஆயுளுக்கும் யூனியனில் இடமில்லை. சாதிக் கட்டுப்பாட்டின் பேரில் ஊர்விலக்கு வைப்பது எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த விலக்கு 1995இல்தான் ஒழிந்தது.

அதனால்தான் 1961 டிசம்பரில் ஹல் எஃப்சிக்காகச் சல்லிவன் முதல் முறை ஆடியபோது, சொந்தப் பெயரை மறைத்துக்கொண்டு ஆடினார். பதினெட்டு வயது. அதற்கு முன்பு பிராட்ஃபோர்டில் ஒரு சோதனை ஆட்டம் ஆடி, அவர்கள் வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். ஹல்லின் புல்வார்ட் மைதானத்தில், பிராம்லி அணிக்கு எதிராக, பெயரில்லாத அந்த விங்கர், அதாவது மைதானத்தின் ஓரமாய் ஓடும் ஆட்டக்காரர், மூன்று ட்ரை வைத்தார். ஹல் கிளப் தாமதிக்கவில்லை. கையோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது. மேற்குப் புறத்துப் பெரியவர் இதைச் சொல்லும்போது, அன்று மைதானத்தில் தானே இருந்ததுபோலச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவருக்கு அப்போது நான்கு வயதுகூட இருக்காது.

பிறகு நடந்தது உங்கள் ஆவணங்களிலும் இருக்கும். இரண்டு ஆண்டுக்குள் ஒரு கார் விபத்து; பிழைத்தார், திரும்பி வந்து ஆடினார். ஹல் எஃப்சிக்காக 352 ஆட்டங்களில் 250 ட்ரை. 1974இல் யாரும் செய்யத் துணியாத காரியம்: ஆற்றைக் கடந்து ரோவர்ஸில் சேர்ந்தார். அங்கே 213 ஆட்டங்களில் 118. மொத்த வாழ்க்கைக் கணக்கு நானூற்றைத் தாண்டும். கட்சி மாறியவனுக்கு இந்த ஊரில் என்ன பெயர் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத முடியாது. இவருக்கு மட்டும் மேற்கில் கோபமில்லை, கிழக்கில் சந்தேகமில்லை. ஏன் என்று இருவரையும் கேட்டேன். மேற்கத்தியவர் யோசித்துவிட்டு, அவர் எங்களை ஏமாற்றிவிட்டுப் போகவில்லை, ஆடிக் கொடுத்துவிட்டுப் போனார் என்றார். கிழக்கத்தியவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய ஒப்புதல்.

1980 மே மாதம் இரண்டு ஹல் அணிகளும் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் ரக்பி லீக்கின் சேலஞ்ச் கோப்பை இறுதியில் மோதின. நகரமே தெற்கே கிளம்பிப் போனது. கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்று ஊர் எல்லையில் சாலையோரம் யாரோ எழுதிவைத்தார்கள். ரோவர்ஸ் 10க்கு 5 என்று வென்றது. அந்த அணியின் விங்கர் சல்லிவனுக்கு வயது 37. இரண்டு ஆண்டு கழித்து எஃப்சியின் பயிற்சிக் குழுவில் இருந்தவரை, வெம்ப்ளியில் சமனில் முடிந்த இறுதியின் மறு ஆட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று மீண்டும் சட்டை மாட்டச் சொன்னார்கள். லீட்ஸின் எல்லண்ட் ரோட்டில் விட்னஸ் அணியை வென்றார்கள். 39 வயதில், ஆற்றின் இரு கரைக்கும் அதே கோப்பை. விங்கர்களுக்கு முப்பதிலேயே கால் கனக்கத் தொடங்கும் ஆட்டம் இது.

ஆனால் நான் இந்த மடலை எழுதுவது கிளப் கணக்குக்காக அல்ல. 1972க்காக.

அந்த ஆண்டு பிரிட்டனின் ரக்பி லீக் அணிக்குச் சல்லிவன் தலைவரானார். பிரிட்டன் முழுமைக்குமான தேசிய அணியொன்றுக்கு, எந்த விளையாட்டிலும், தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர். இதன் கனம் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் கால்பந்துப் பக்கம் போங்கள். இங்கிலாந்தின் மூத்த அணியில் முதல் கறுப்பினத்தவராக விவ் ஆண்டர்சன் ஆடியது 1978இல். முதல் கறுப்பினத்தவராகப் பால் இன்ஸ் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கியது 1993இல். வடக்கின் சுரங்கக்காரர் ஆட்டம், லண்டன் செய்தித்தாள்கள் ஓரமாய்ப் போட்ட ஆட்டம், இருபத்தொரு ஆண்டு முன்னால் போய்விட்டது.

அதே ஆண்டு பிரான்ஸில் உலகக் கோப்பை. நவம்பர் 11, லியோனின் ஜெர்லான் மைதானம், எதிரே ஆஸ்திரேலியா. அந்த ஓட்டத்தைக் காட்டும் பழைய படத்தைக் கிழக்கத்தியவர் ஒருநாள் தன் கைப்பேசியில் போட்டுக் காட்டினார். மங்கலான வண்ணம், சரியாகத் தெரியாத பந்து. தன் பாதியிலிருந்தே புறப்படுகிறார். பார்த்துக்கொண்டே இருங்கள் என்று பெரியவர் திரையின் மேல் விரலை வைத்தார். விரல் மறைத்ததில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலை எடுத்தபோது சல்லிவனுக்கும் கோட்டுக்கும் நடுவில் வெறும் புல்தான் இருந்தது, பின்னால் துரத்துகிறவர்கள் துரத்துவதை நிறுத்தும் யோசனையில் இருந்தார்கள். ஏறத்தாழ மைதானத்தின் நீளத்துக்கு ஓடி வைத்த ட்ரை. ஆட்டம் 10க்கு 10. கூடுதல் நேரத்திலும் மாற்றமில்லை. முதல் சுற்றில் மூன்று அணிகளையும் வென்றிருந்த கணக்கில் கோப்பை பிரிட்டனுக்கு. அதற்குப் பிறகு இத்தனை உலகக் கோப்பைகள் வந்துபோய்விட்டன. பிரிட்டனோ இங்கிலாந்தோ 2021ஆம் ஆண்டுக் கோப்பை வரை ஒன்றைக்கூடத் திரும்ப வெல்லவில்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். அன்று ஆஸ்திரேலியாவின் லாங்லண்ட்ஸ் பாய்ந்து பிடித்து வைத்த ஒரு ட்ரையை நடுவர் மறுத்தார். படத்தைப் பார்த்தால் மறுத்திருக்கக் கூடாது. போட்டியில் இருந்தது நான்கே நாடுகள். இறுதியைப் பார்க்க வந்தவர்கள் ஐயாயிரம் பேர்கூட இல்லை. இதெல்லாம் உங்கள் மேசையில் யாரேனும் எடுத்துச் சொல்லக்கூடிய வாதங்கள்தான்.

சரி, இப்போது நீங்கள் வைத்திருக்கும் விருதுப் படிக்கட்டுக்கு வருகிறேன்: கீழே எம்.பி.இ., அதற்கு மேல் ஓ.பி.இ., அதற்கு மேல் சி.பி.இ., அதற்கும் மேலே 'சர்'. 1966இல் கால்பந்து உலகக் கோப்பையைத் தூக்கிய தலைவர் பாபி மூருக்கு ஓ.பி.இ. அணியின் மேலாளர் ஆல்ஃப் ராம்சேக்கு 'சர்'. 2003இல் யூனியன் உலகக் கோப்பையை வென்ற தலைவர் மார்ட்டின் ஜான்சனுக்கு சி.பி.இ. பயிற்சியாளர் கிளைவ் வுட்வர்டுக்கு 'சர்'. 2019இல் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற ஓயின் மார்கனுக்கு சி.பி.இ. 1972இல் ரக்பி லீக் உலகக் கோப்பையைத் தூக்கிய கிளைவ் சல்லிவனுக்கு 1974இல் நீங்கள் கொடுத்தது எம்.பி.இ. மூவருக்கும் கீழே. அவருடைய பயிற்சியாளர் ஜிம் சாலினருக்கு 'சர்' இல்லை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஏனென்றால் 2025 வரை எந்த ரக்பி லீக் ஆளுக்கும் இல்லை. ஆட்டம் பிறந்து 130 ஆண்டு. அதே காலத்தில் யூனியனிலிருந்து எத்தனை பேர் உங்கள் முன் மண்டியிட்டு எழுந்தார்கள் என்று நீங்களே விரல் விடுங்கள். வுட்வர்ட், மெகீகன், கேரத் எட்வர்ட்ஸ், பில் பியூமண்ட் என்று எனக்கே நான்கு பெயர் யோசிக்காமல் வருகிறது.

கூலி கேட்ட ஆட்டத்துக்கு நீங்கள் வைத்த விலை இதுதானா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

2025இல் ரக்பி லீக் ஆட்டக்காரர் பில்லி பாஸ்டனுக்கு 'சர்' கொடுத்துவிட்டோமே என்பீர்கள். கொடுத்தீர்கள், நல்லது, அந்த வாரம் வட இங்கிலாந்தில் பலர் கண் கலங்கியதை நானே பார்த்தேன். அவரும் கார்டிஃப்தான், டைகர் பே பகுதி. கார்டிஃபின் பெரிய யூனியன் கிளப் அவரை அழைக்கவே இல்லை. 1953இல் 3,000 பவுண்டுக்கு விகன் என்ற லீக் கிளப் வாங்கியது. வாழ்நாளில் 571 ட்ரை. 1957 உலகக் கோப்பை முடிந்து திரும்பும் வழியில் பிரிட்டிஷ் அணி நிறவெறித் தென்னாப்பிரிக்காவில் காட்சி ஆட்டங்கள் ஆடியபோது, பாஸ்டன் மட்டும் தனியே வீடு திரும்பினார். அவருக்கு வாள் தொட்ட நாளில் வயது 90. பிறந்தநாள் விருதுப் பட்டியல் வெளியாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே அரண்மனைக்கு அழைத்தீர்கள். ஏன் முன்கூட்டி என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆள் உயிரோடு இருப்பது நல்ல தகுதிதான். ஆனால் நூறை நெருங்கும்வரை உயிரோடு இருப்பதை ஒரு தகுதியாக வைப்பது நியாயமா?

சல்லிவன் அந்தத் தகுதியில் தேறவில்லை. 1985 அக்டோபரில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 42.  ஹல் நகரம் தன்னால் முடிந்ததைச் செய்தது. மேற்கிலிருந்து நகருக்குள் நுழையும் முக்கியமான சாலைக்கு அவர் பெயர் வைத்தது. கார்டிஃப் விரிகுடாவில் 2023இல் பாஸ்டன், சல்லிவன், அதே ஊரில் பிறந்த இன்னொரு லீக் ஆட்டக்காரர் கஸ் ரிஸ்மன் மூவரையும் வெண்கலத்தில் நிறுத்தினார்கள். போன கோடையில் குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன். சிலைகளின் திறப்பைக் கண்ணால் பார்த்தவர் மூவரில் பாஸ்டன் ஒருவர்தான். எங்கள் முன்னோர் போரில் விழுந்தவனுக்கு வழியோரம் கல் நட்டு, அவன் பெயரையும் செய்த காரியத்தையும் அதில் வெட்டிவைத்தார்கள். ஹல் செய்ததும் கார்டிஃப் செய்ததும் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. உங்கள் விதிதான் அந்நியமாக இருக்கிறது: இறந்தவர்களுக்கு விருது இல்லை.

இந்த விதி கல்லில் எழுதியதல்ல. பணியின்போது உயிர்விட்ட தீயணைப்பு வீரர்கள், காவலர்கள் போன்றோருக்காக எலிசபெத் எம்ப்ளம் என்ற ஒன்றை 2024இல் நீங்களே தொடங்கினீர்கள். பல பத்தாண்டுகளுக்கு முன் இறந்தவர்களின் குடும்பங்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். வீரச்செயல் பதக்கங்கள் இறந்தவர்களுக்குப் போகின்றன. ஆக, மனம் இருந்தால் வழி இருக்கிறது. இறந்தவர்களுக்குக் கதவைத் திறந்தால் ஷேக்ஸ்பியர் வரை வரிசையில் நிற்பார்களே என்று ஒரு பயம் இருக்கும். நானும் யோசித்துப் பார்த்தேன். கதவை முழுக்கத் திறக்கச் சொல்லவில்லை. உங்கள் முன்னோடிகள் உயிரோடு இருந்த ஒருவரைப் பரிசீலித்து, அவருக்கு ஒரு படியைக் கொடுத்து, அந்தப் படி குறைவானது என்று இன்று நீங்களே ஒப்புக்கொள்ளும் இடத்தில் மட்டும் அந்தப் பழைய ஆவணத்தை மறுபடி திறக்க ஒரு வழி வையுங்கள். இது புது விருது இல்லை, பழைய கணக்கில் ஒரு திருத்தம். எந்த அலுவலகத்திலும் ஓய்வு பெற்றவருக்குப் பின்தேதியிட்டு ஊதியத்தைத் திருத்துகிறார்களே, அது மாதிரி.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டங்கள் மேல் எனக்குப் பெரிய மயக்கம் கிடையாது. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று உங்கள் பேரரசு எங்கள் ஊரில் வாரி இறைத்த பட்டங்களைப் பெயருக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டவர்களைப் பற்றி என் தாத்தா சொல்லும் கதைகள் மரியாதையானவை அல்ல. ஜமைக்காக் குடும்பத்துப் பிள்ளைக்குப் 'பிரித்தானியப் பேரரசின் உறுப்பினர்' என்று ஒரு பதக்கம் என்பதில் உள்ள நகைச்சுவையும் தெரியாமலில்லை. ஆனால் இந்த நாட்டில் யார் மதிப்புக்குரியவர் என்று பொதுவில் எழுதிவைக்கும் பேரேடு அது ஒன்றுதான். பேரேட்டை நீங்கள் வைத்திருக்கும்வரை அதில் பற்று எங்கே, வரவு எங்கே என்று கேட்கும் உரிமை வரி கட்டுகிற எனக்கும் உண்டு.

தேநீர் மேசையிலிருந்த இருவரில் மேற்கத்தியவர் போன ஆண்டு ஓய்வு பெற்றார். கிழக்கத்தியவர் 2025இல் ரோவர்ஸ் இங்கிலாந்தின் பெரிய ரக்பி லீக் கோப்பைகள் மூன்றையும் வென்றதிலிருந்து பேச்சை நிறுத்தவே இல்லை. இந்த மடலின் ஆங்கிலப் படியில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரே தாளில், ஒரே பேனாவில். அது எவ்வளவு அபூர்வம் என்று ஹல்லில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

கூடவே உங்கள் பரிந்துரைப் படிவத்தையும் நிரப்பி இணைத்திருக்கிறேன். பரிந்துரைக்கப்படுபவரின் வயது என்ற இடத்தில் 42 என்று எழுதினேன். முகவரி என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஏ63, ஹல் என்று எழுதினேன். விதிப்படி நீங்கள் இதைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அனுப்பும்போது, பாபி மூருக்கும் மார்ட்டின் ஜான்சனுக்கும் கீழே அவர் ஏன் நிற்கிறார் என்பதற்கு ஒரு வரி காரணம் எழுதி அனுப்புங்கள். நாங்கள் மூவரும் தேநீர் மேசையில் அதைச் சத்தமாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஹல் நகரத்திலிருந்து ஒரு தமிழன்